பூட்டிக் கிடந்த வின்டர் கார்டன்: போய் வந்தவர்கள் சொல்லுங்கோ

ஸ்காபரோவாசி:
போன சனிக்கிழமை அம்மாவோடு டொராண்டோ யங் வீதியில் எல்ஜின், வின்டர் கார்டன் தியேட்டர்களைப் பார்க்கப் போனேன். தெரியும்தானே, ஒரு தியேட்டரின் தலையில் இன்னொன்று. கீழது 1913, மேலது 1914, ஏழு மாடி உயரத்தில். கூரை முழுக்க உண்மையான பீச் மர இலைகள்.

எனக்குள் நிற்பது இலையில்லை. 1928இல் மேலதைப் பூட்டிவிட்டு அறுபது வருடத்துக்குக் கிட்ட அப்படியே விட்டுவிட்டார்களாம். வோட்வில் (பாட்டு, ஆட்டம், பகிடி, வித்தை எல்லாம் கலந்த பழைய மேடை நிகழ்ச்சி) ஆட்டக்காரருக்குப் பின்னால் நிறுத்திய காட்சித் தட்டிகள்கூட உள்ளேயே கிடந்தன. வழிகாட்டிப் பெண் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன். அம்மா கேட்டார்: "ஒருத்தரும் வந்து கதவைக் கழட்டிக்கொண்டு போகேல்லையோ?"

95இல் இலங்கைச் சண்டையில் நாங்கள் பூட்டிவிட்டு வெளிக்கிட்ட வீட்டுக்குத் திரும்பிப் போனபோது கதவும் இல்லை, நிலையும் இல்லை. அம்மா பகிடிக்குக் கேட்டாரா, தெரியவில்லை. வழிகாட்டிக்கு நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

குயின்ஸ்டேஷன்:
தம்பி, பூட்டினது மேலதை மட்டும். கீழே படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. சும்மா முழுக் கட்டடமும் பேய்வீடாகக் கிடந்தது போல எழுதக்கூடாது.

நான் மேலே ஒரு நாடகம் பார்த்தேன். என்ன நாடகமென்று மறந்துபோச்சு. அங்குள்ள கதிரைகள் சிகாகோ பயோகிராப் தியேட்டரிலிருந்து வந்தவை என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார். 1934இல் வங்கிக் கொள்ளைக்காரன் டிலிஞ்சர் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து சூடுபட்டுச் செத்தானே, அதே தியேட்டர். அதன்பிறகு மேடையை எங்கே பார்த்தேன், கதிரைக் கைப்பிடியைத்தான் தடவிக்கொண்டிருந்தேன்.

வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனிக்கவும். காரில் போகவே வேண்டாம், பார்க்கிங் காசுக்கு இன்னொரு டிக்கெட் எடுக்கலாம். சப்வேயில் குயின் ஸ்டேஷனில் இறங்கினால் கொஞ்சத் தூரம்தான். படி எத்தனை, லிப்ட் உண்டா என்று முதலே போன் அடித்துக் கேளுங்கள். சாப்பிட்ட கையோடு ஏறவேண்டாம். முழங்கால் நோவென்றால் முதல் நாள் இரவே நல்லெண்ணெய் சூடாக்கித் தேய்த்துவிடுங்கள். பட்டி கட்டினால் இன்னும் நல்லது, ஆனால் இறுக்கிக் கட்டக்கூடாது.

எடிசன்பையன்:
நான் நியூ ஜெர்சி. 2022இல் நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயரில் பேலஸ் தியேட்டரை முப்பது அடி தூக்கினார்களே, அப்போது ஆபீஸ் அந்தப் பக்கம்தான். கட்டடம் மேலே போவதைப் பார்க்கலாம் என்று ஒரு மத்தியானம் காபியோடு போய் நின்றேன். அரை மணி நேரம். ஒன்றும் அசையவில்லை! ஜாக்கி வைத்துக் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஏற்றுகிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது.

1913இல் திறந்த இடம். பேலஸில் ஆடிவிட்டால் ஒரு வோட்வில் கலைஞனுக்கு வேறு பட்டம் தேவையில்லை என்பார்கள். 1932இல் அதுவே படக்கொட்டகை ஆகிவிட்டது. இப்போது அதைத் தூக்கியது எதற்கு? அடியில் கடை போட. சினிமா வந்து வோட்வில்லை விழுங்கியது, இப்போது கடைகள்.

ஜார்ஜியா அக்கா:
சினிமா வந்து விழுங்கியது என்பது பாதிக் கதை, தம்பி. 1896இலிருந்தே வோட்வில் நிகழ்ச்சிகளுக்குள் படமும் ஓர் அயிட்டமாக ஓடியது. சினிமாவை வீட்டுக்குள் விட்டதே வோட்வில்காரர்கள்தான்.

அப்புறம், எல்லோரும் கூரையையும் கதிரையையும் சொல்கிறீர்கள். முகத்தில் கரி பூசிக் கறுப்பர்களைக் கேலி செய்ததும் இதே மேடைகளில்தான். அமெரிக்கத் தெற்கில் ஒரு பழைய தியேட்டருக்குப் போனேன், ஊர் வேண்டாம். கட்டடத்தின் வெளிச்சுவரை ஒட்டி ஓர் இரும்புப் படி. தீ விபத்துக்கா என்று கேட்டேன். இல்லை, கறுப்பர்கள் மேல் கேலரிக்கு ஏற. வாசல் கூடத்தின் பளிங்கை அவர்கள் பார்த்தே இருக்க மாட்டார்கள். அந்தப் படியில் ஏறிப் பார்க்க நினைத்தேன், கால் வரவில்லை.

இந்தப் பக்கம் வந்தால் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸில் மார்ட்டன் தியேட்டரைப் பாருங்கள். மன்ரோ மார்ட்டன் என்ற கறுப்பினத் தொழிலதிபர் 1910இல் கட்டியது. அதே கட்டடத்தில் கறுப்பின டாக்டர்கள், பல் டாக்டர், மருந்துக்கடை எல்லாம் இருந்தன.

ஸ்காபரோவாசி:
குயின்ஸ்டேஷன் அண்ணா, அம்மா படியால்தான் ஏறினார், எண்ணெய் தேய்க்காமல். அவருடைய பிடிவாதம்.

சொல்ல மறந்தது ஒன்று. மேல் தியேட்டரின் சுவர்ச் சித்திரங்கள் தண்ணீர் பட்டால் கரைகிற வர்ணம். அதனால் திருத்தியபோது பாண் மாவைப் பச்சையாக உருட்டி உருட்டித்தான் அழுக்கை எடுத்தார்களாம், நூற்றுக்கணக்கான இறாத்தல் மா. சுவருக்கு முன்னால் நின்று அம்மா ரொட்டிக்குக் குழைப்பதுபோல் கையைக் காற்றில் உருட்டிப் பார்த்தார். வரும்வழியில் சப்வேயில் கேட்டார்: "அந்த மாவைப் பிறகு என்ன செய்தவையாம்?"

உங்களில் யாருக்காவது தெரியுமா? இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.