டி.எஸ். பாலையா வில்லனா, காமெடி அப்பாவா? எந்தப் படத்திலிருந்து பார்க்க ஆரம்பிக்கலாம்?

தென்காசிக்காரன் (கேள்வி)

'காதலிக்க நேரமில்லை', 'ஊட்டி வரை உறவு', 'பாமா விஜயம்' மூன்றையும் அடுத்தடுத்துப் பார்த்ததில் பாலையா மேல் ஒரு பித்தே பிடித்துவிட்டது. இந்தப் படங்களை மட்டும் பார்த்தால் அப்பா வேடத்துக்கென்றே பிறந்தவர் மாதிரி இருக்கிறார். ஆனால் எங்கள் பெரியப்பா, "அந்தாள் ஒரு காலத்தில் திரையில் தலைகாட்டினாலே கொட்டகையில் திட்டு விழும், அப்படி ஒரு வில்லன்" என்கிறார். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படி வாய்த்தது? நாடகத்திலிருந்து வந்தவர் என்கிற அளவுக்குத்தான் எனக்குத் தெரியும். அவருடைய ஆரம்ப காலம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பழைய கொட்டகை

தம்பி, பெரியப்பா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. தூத்துக்குடிப் பக்கம் சுண்டங்கோட்டையில் 1914-ல் பிறந்தவர் பாலையா. சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போய்விட்டார். அந்தக் காலத்துக் கம்பெனி என்றால் சாப்பாடு, படுக்கை, பாடம் எல்லாமே அங்கேதான். பாட்டும் வசனமும் வாத்தியாரிடம் உதை வாங்கிப் பழக வேண்டும், மைக் இல்லாத மேடையில் கடைசியில் நிற்பவனுக்கும் கேட்கிற மாதிரி பேச வேண்டும். கடைசிவரை அவருடைய குரலில் இருந்த அந்தக் கணீர், அங்கே வந்ததுதான்.

1936-ல் 'சதி லீலாவதி'. எம்.ஜி.ஆர்., என்.எஸ். கிருஷ்ணன், பாலையா மூன்று பேருக்கும் அதுதான் முதல் படம். எம்.ஜி.ஆருக்குச் சின்ன இன்ஸ்பெக்டர் வேடம், பாலையாவுக்கோ எடுத்த எடுப்பிலேயே படத்தின் வில்லன். நாயகன் எம்.கே. ராதாவைக் குடியில் இறக்கி, அவர் குடும்பத்தையே சின்னாபின்னமாக்குகிற நண்பன். நாயகன் கடைசியில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கூலி வேலைக்கு ஓடுகிற அளவுக்குப் போய்விடும். இயக்கியவர் எல்லிஸ் ஆர். டங்கன், தமிழே தெரியாத அமெரிக்கர். வசனத்தை எவ்வளவு முழங்கினாலும் அவருக்குப் புரியப் போவதில்லை, முகமும் உடம்பும் பேசினால்தான் உண்டு. மேடையிலிருந்து நேராக வந்த ஒரு இளைஞனுக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடைத்திருக்காது என்பது என் எண்ணம். அடுத்த வருடமே அதே டங்கனின் 'அம்பிகாபதி'யில் எம்.கே. தியாகராஜ பாகவதருக்கு எதிராக நின்றார்.

அப்புறம் 1949-ல் அண்ணா எழுதிய 'வேலைக்காரி'. அதில் வில்லன் இல்லை, கே.ஆர். ராமசாமிக்கு யோசனை சொல்லும் நண்பன் மணி. கத்தியைத் தீட்டாதே, புத்தியைத் தீட்டு என்று அவர் சொல்லும்போது கைதட்டல் விழுந்ததில் ஆச்சரியமே இல்லை. 'மதுரை வீர'னில் (1956) எம்.ஜி.ஆரோடு மோதும் நரசப்பனாக மறுபடியும் வில்லன்.

ஒப்பனை அறை

நான் சபா நாடகங்களில் சின்னச் சின்ன வேடம் போடுகிறவன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வில்லன் பாலையா வேறு, அப்பா பாலையா வேறு என்று நான் பிரிக்கவே மாட்டேன். இரண்டிலும் அவர் செய்வது ஒன்றுதான். எதிரில் இருப்பவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டே மனதுக்குள் கணக்குப் போடும் ஒரு மனிதனை நமக்குக் காட்டுகிறார். கணக்கு அடுத்தவன் குடியைக் கெடுப்பதற்கு என்றால் வில்லன், பணக்காரச் சம்பந்தம் பிடிப்பதற்கு என்றால் 'காதலிக்க நேரமில்லை' விஸ்வநாதன்.

அந்தப் பேய்க்கதைக் காட்சியை மறுபடி போட்டு, நாகேஷை விட்டுவிட்டு பாலையாவை மட்டும் பாருங்கள். ஓஹோ புரொடக்‌ஷன்ஸ் முதலாளி செல்லப்பாவாக வரும் நாகேஷ், அப்பா பாலையாவிடம் கதை சொல்கிறார், சத்தங்களையெல்லாம் வாயாலேயே எழுப்புகிறார். பாலையாவுக்கு வசனம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, நாற்காலியில் உட்கார்ந்து கேட்க வேண்டியதுதான். முதலில் 'இவன் என்னத்தைச் சொல்லப்போகிறான்' என்கிற அலட்சியம், அப்புறம் தன்னை அறியாமல் கதைக்குள் போய்விடுவது, பயம் வந்த பிறகும் அப்பா என்கிற கெத்தை விட முடியாத தவிப்பு, கடைசியில் அதுவும் போய் முழுப் பயம். இவ்வளவும் முகத்தில் மட்டும், படிப்படியாக. நாகேஷ் அதில் மேதைதான், யார் இல்லை என்றது? ஆனால் நாம் சிரிப்பது பாலையா பயப்படுவதைப் பார்த்து. அவர் ஒரு பிடி கூடுதலாக நடித்திருந்தாலும் நாகேஷின் கதை செத்துப்போயிருக்கும். ஒத்திகையில் எங்களுக்கு எத்தனை சொன்னாலும் வராத விஷயம் இது, தன் வசனம் எப்போது வரும் என்று காத்திருக்கிறோமே தவிர அடுத்தவர் பேசுவதைக் காதில் வாங்குவதில்லை.

மாசி வீதி

மேலே சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஒரு படம்தான் பார்க்க நேரம் என்றால் 'திருவிளையாடல்' (1965) என்பேன். அதில் பாலையா ஏற்ற ஹேமநாத பாகவதர் என்கிற கர்வம் பிடித்த பாடகரைச் சிலர் காமெடி என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. பாலமுரளிகிருஷ்ணா பாடிய 'ஒரு நாள் போதுமா'வுக்கு அவர் வாயசைப்பதைப் பாருங்கள். ராகம் மாற மாற அந்தத் தலைக்கனம் ஏறிக்கொண்டே போகிறது, கழுத்து, புருவம், சால்வை எல்லாம் சேர்ந்து பாடுகிறது. சங்கீதம் தெரிந்த மேடைக்காரரால்தான் அப்படிச் செய்ய முடியும். ராத்திரி திண்ணையில் விறகுவெட்டியாக வந்த சிவன் பாடியதைக் கேட்டு முடித்த பிறகு அதே முகத்தைப் பாருங்கள். அந்த ஆணவமெல்லாம் ஒரு பாட்டு நேரத்தில் வடிந்துவிடுகிறது. அவர் தோற்றது நமக்கே பாவமாக இருக்கிறது.

'தில்லானா மோகனாம்பா'ளில் தவில்காரர் முத்துராக்கு இன்னொன்று. தவில் அவர் தோளில் தொங்குகிற அழகே தனி.

தென்காசிக்காரன்

ரொம்ப நன்றி எல்லோருக்கும். ஒப்பனை அறை அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி அந்தக் காட்சியை இப்போதுதான் மறுபடி பார்த்தேன், நாகேஷ் பக்கமே கண் போகவில்லை. ஒரு சந்தேகம், இந்த அப்பா வேடங்களெல்லாம் செய்தபோது அவருக்கு எத்தனை வயது இருக்கும்?

பழைய கொட்டகை

'காதலிக்க நேரமில்லை' வந்தபோது ஐம்பதுகூட முடியவில்லை தம்பி. 'பாமா விஜய'த்தில் மேஜர் சுந்தரராஜன், முத்துராமன், நாகேஷ் மூவருக்கும் அப்பா, அப்போது 52 தான். 1972 ஜூலையில் காலமாகிவிட்டார், அறுபதைக்கூடத் தொடவில்லை. அவருடைய மகன் ஜூனியர் பாலையாவை 'சாட்டை'யில் தலைமை ஆசிரியராகப் பார்த்திருப்பீர்கள். நீங்கள் அடுத்ததாக 'வேலைக்காரி'யைப் பாருங்கள், பெரியப்பாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள், அவர் சொல்ல நிறைய வைத்திருப்பார்.