கூண் (காளான்) எடுக்கப் போனவர்கள் சொல்லுங்கள்

குலசேகரத்தான்:
போன எடவப்பாதி மழைக்காலம் (ஜூன் வாக்கில்), இடி இடித்து மூன்றாம் நாள். விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போனால், ஹெட்லைட் வெளிச்சத்தில் மரத்து மூட்டில் பாய் விரித்ததுபோல சின்னச் சின்ன அரிக்கூண். கையில் பை இல்லை, வெட்டை முடித்துவிட்டு தோர்த்துத் துண்டில் அள்ளிக்கொள்ளலாம் என்று போனேன். திரும்பி வந்தால் ஒன்றுகூட இல்லை. சேற்றில் ஒரு சின்னப் பிள்ளையின் கால்தடம் மட்டும். திட்டவும் மனம் வரவில்லை, மறக்கவும் முடியவில்லை.

அருமனைக்காரி:
உங்களுக்கு கிடைக்காமல் போனதே நல்லது. எங்கள் விளையில் தென்னை மூட்டில் பெரிய வெள்ளைக் குடை. மஞ்சள்பொடி போட்டு வேகவைத்தோம், நிறம் மாறவில்லை, நல்ல கூண் என்று மாமியார் சொல்லிவிட்டார். இரண்டு மணி நேரத்தில் வீடு முழுக்க வாந்தி. மறுநாள் சமைக்காமல் மிச்சம் வைத்திருந்ததைத் திருப்பிப் பார்த்தேன், குடைக்கு அடியில் மடிப்பெல்லாம் பாசிப் பச்சை. முதலிலேயே திருப்பிப் பார்த்திருக்கலாம்.

குவைத் ரிட்டர்ன்:
அங்கே டிரைவராக இருந்தபோது கபில் (முதலாளி) பிப்ரவரியில் பாலைவனத்துக்குக் கூட்டிப்போனார். மணல் லேசாக வெடித்த இடத்தில் விரலை விட்டு உருளைக்கிழங்கு மாதிரி ஒன்றை எடுத்தார். பகா என்பார்கள், ஒரு குட்டிச் செடியின் வேரை ஒட்டி மண்ணுக்குள்ளேயே வளரும் கூண். அவர்களும் இடி இடித்தால்தான் விளையும் என்கிறார்கள்! ரூமில் தீயல் குழம்பு வைத்தேன். முதல் கடியிலேயே மணல்.

பேச்சிப்பாறை:
நான் ஒருமுறைதான் எடுத்தேன், கசந்தது, கொட்டிவிட்டேன். அதை விடுங்கள். அருமனை அக்கா, மஞ்சள், பூண்டு, வெள்ளிக் கரண்டி எதையும் நம்பாதீர்கள். உடனே வாந்தி வந்தது ஒருவிதத்தில் அதிர்ஷ்டம், ஏனென்றால் ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தொடங்குகிற விஷம்தான் ஈரலைப் பிடிக்கும், நடுவில் ஒரு நாள் எல்லாம் சரியானதுபோல ஏமாற்றும், எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. எப்போதும் ஒன்றைச் சமைக்காமல் எடுத்து வையுங்கள், டாக்டரிடம் காட்ட உதவும். புற்றுக்கூண் என்றால் தோண்டிப் பாருங்கள், தண்டு வேர்போல நீண்டு கறையான் புற்றுக்குள் இறங்கும். அது இல்லையென்றால் தொடாதீர்கள்.

குலசேகரத்தான்:
அண்ணாச்சி, அது பெருங்கூணுக்கு. அரிக்கூணுக்கு அந்த நீள வேர் கிடையாது, கறையான் வெளியே தள்ளிப்போட்ட துகளில் முளைப்பது. அந்தப் பிள்ளை தோண்டியா பார்த்திருக்கும்? எல்லாம் நகத்தால் கிள்ளி எடுத்திருந்தது.