தெருவுக்கு ஒரே குப்பை வண்டி என்று மாறலாமா?

சூலூர்க்காரன்

அனைவருக்கும் வணக்கம். சூலூருக்கு மேற்கே, ஊராட்சி எல்லைக்குள் பத்தாண்டுக்கு முன் பிரிக்கப்பட்ட ஒரு சைட்டில் குடியிருக்கிறோம். ஏறத்தாழ 180 வீடுகள். ஊராட்சியின் தூய்மைக் காவலர்கள் பழைய ஊருக்குள் மட்டுமே வருவதால், இங்கே அவரவர் விருப்பப்படி ஒரு தனியார் வண்டிக்காரரைப் பேசி வைத்திருக்கிறோம். ஒருவர் மாதம் 100 ரூபாய் வாங்குகிறார், இன்னொருவர் 150. விளைவு, இருபதடித் தெருவுக்குள் காலை 6 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் மூன்று குட்டியானை வண்டிகள் ஒன்றுக்கொன்று வழி விட்டு நிற்கின்றன. எந்த வண்டியும் வேண்டாம் என்றிருக்கும் முப்பது வீடுகளின் குப்பையோ காலி மனைகளில் எரிகிறது.

சைட் முழுவதற்கும் ஒரே வண்டி, எல்லா வீடும் கட்டணம் கட்ட வேண்டும், ஊராட்சியே ஒப்பந்தம் பேச வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் கேட்கலாம் என எங்கள் சங்கம் எண்ணுகிறது. பாதிப் பேர் எதிர்க்கிறார்கள். இப்படி மாறிய இடங்களில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னால் உதவியாக இருக்கும்.

வடவள்ளி ஓய்வூதியர்

எங்கள் பேரூராட்சி 2011இல் கோவை மாநகராட்சியோடு இணைந்தது. இப்போது குப்பைக் கட்டணம் சொத்து வரியோடு சேர்ந்து வந்துவிடுகிறது. வேண்டும், வேண்டாம் என்று சொல்ல நமக்கு இடமில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. பணம் கட்டாதவர் வீட்டுக் குப்பையின் புகை பணம் கட்டியவர் வீட்டுக்குள்தானே வருகிறது? 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே தெருவில் கொட்டுவதையும் எரிப்பதையும் தடுத்தன; மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் சேரும் ஆபத்தான கழிவு என மூன்றாகப் பிரித்துக் கொடுக்கவும், உள்ளாட்சிக்குக் கட்டணம் செலுத்தவும் சொல்லின.

ஆனால் ஒன்றை மறக்க வேண்டாம், தம்பி. உங்கள் வண்டிக்காரர் இரண்டு நாள் வராவிட்டால் மூன்றாம் நாள் வேறொருவரை அழைத்துவிடுவீர்கள் என்ற பயம் அவருக்கு உண்டு. ஒப்பந்தக்காரருக்கு அந்தப் பயம் இராது. வராத நாளுக்கு எவ்வளவு பிடித்தம் என்பதை எழுத்தில் வாங்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

பீளமேட்டு அம்மணி

என் மகள் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தின் செயின்ட் பால் நகரில் வசிக்கிறாள். அங்கும் 2018 அக்டோபர் வரை உங்கள் சைட்டின் கதைதான்: வீட்டுக்காரரே வண்டி நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வார், ஒரே சந்துக்குள் பல லாரிகள் வந்து போகும். நகராட்சி பகுதிவாரியாக நிறுவனங்களைப் பிரித்துக் கொடுத்தபோது பெரிய சண்டையே எழுந்தது, வழக்கு நீதிமன்றம் வரை போனது. 2019 நவம்பரில் நடந்த வாக்கெடுப்பில் புதிய முறையே நிலைக்கட்டும் என்று பெரும்பான்மையோர் வாக்களித்தார்கள்.

அங்கே மக்களை அதிகம் கோபப்படுத்தியது, அண்டை வீட்டாரோடு ஒரு தொட்டியைப் பகிர்ந்துகொண்டவர்களும் தனித் தொட்டிக்குப் பணம் கட்ட வேண்டும் என்ற விதி. நம் ஊரிலும் அதே கேள்வி வரும். சாணக்குழியும் நாலு தென்னையும் வைத்திருக்கிற வீட்டில் மக்கும் குப்பை வெளியே வருவதே இல்லை. அந்த ஆத்தாளிடமும் முழுக் கட்டணம் கேட்டால் திட்டுத்தான் கிடைக்கும், அதுவும் நியாயமான திட்டு.

பல்லடம் தறிக்காரர்

வண்டி ஒன்றா மூன்றா என்று பேசுகிறீர்களே, அந்த வண்டி எங்கே போய்க் கொட்டுகிறது என்று யாரும் கேட்கவில்லை. திருப்பூர் மாநகராட்சி கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் குப்பையைக் கொட்டி வந்தது. 2025இல் முதலிபாளையம் போன்ற ஊர்களின் மக்கள் திரண்டு எதிர்த்தபோது, நகருக்குள் அள்ளாத குப்பை தெருத்தெருவாகக் குவிந்தது. அங்கே ஒழுங்காக வீடு வீடாக வாங்கினார்கள்; கொண்டுபோய்ச் சேர்க்க இடந்தான் இல்லை. கோவையின் வெள்ளலூர்க் கிடங்கு 2024 ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்ததும் நினைவிருக்கும்.

ஆகவே என் கருத்து, ஒரே வண்டிக்கு மாறுங்கள். ஆனால் ஒப்பந்தத்தில் வண்டியை விடப் போய்ச் சேரும் இடத்தைப் பற்றி அதிகம் எழுதுங்கள். ஊராட்சி உரக்குடிலுக்கு எவ்வளவு, பழைய பொருள் கடைக்கு எவ்வளவு, மீதி எங்கே என்று மாதந்தோறும் எடைச்சீட்டு காட்டச் சொல்லுங்கள். இப்போதுள்ள மூவரையும் விரட்டிவிடாமல் தெருக்களைப் பிரித்துக் கொடுக்கவும் வழியுண்டு. குப்பை சேகரிக்கும் முறைசாராத் தொழிலாளர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றே ஓய்வூதியர் ஐயா குறிப்பிட்ட அந்த 2016 விதிகளும் சொல்லின.

சூலூர்க்காரன்

அனைவருக்கும் நன்றி. தறிக்கார அண்ணன் எழுதியதைப் படித்தபின் நேற்று மாலை மூன்று வண்டிக்காரர்களிடமும் கேட்டேன். அட்டை, பாட்டில், இரும்பு எல்லாம் கடைக்குப் போகிறது என்று மூவருமே சட்டென்று சொன்னார்கள். மீதியைப் பற்றிக் கேட்டதும் இருவர் பேச்சை மாற்றினார்கள். மூன்றாமவர் ஒளிக்காமல் ஒரு பாறைக்குழியைச் சொன்னார்; எங்கள் சைட்டின் ஆழ்துளைக் கிணற்றிலிருந்து அது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. கிராம சபை மனுவை மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன்.