டெக்சாஸிலிருந்து புளோரிடாவுக்கு மாறிய வாடிக்கையாளர்: குற்றக் காப்பீட்டு பாலிசியில் மாநிலப் படிவச் சிக்கல், உதவி தேவை

பெருங்குடி_பாலிசி மேசை

வணக்கம். அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காகச் சென்னையிலிருந்து பாலிசி வெளியிடும் பிரிவில் வேலை செய்கிறேன். இப்போது கையில் இருப்பது தனி பாலிசியாக எழுதப்பட்ட வணிகக் குற்றக் காப்பீடு (ஊழியர் திருட்டு, மோசடி போன்றவற்றால் வரும் நஷ்டத்துக்கானது). அடிப்படைப் படிவம், காப்பீட்டு நிறுவனங்களுக்குப் பொதுப் படிவங்கள் எழுதித் தரும் அமெரிக்க அமைப்பான ஐஎஸ்ஓவின் சிஆர் 00 23. வாடிக்கையாளர் மொத்த விற்பனை நிறுவனம். தலைமை அலுவலகத்தை டல்லாஸிலிருந்து டாம்பாவுக்கு மாற்றிவிட்டார்கள். டல்லாஸில் கிடங்கும் நியூயார்க்கில் ஒரு கிளையும் தொடர்கின்றன.

புதுப்பிக்கும்போது மென்பொருள் பழைய டெக்சாஸ் படிவங்களையே இழுத்து வந்தது. அவற்றை நீக்கிவிட்டு, புளோரிடாவுக்கான ரத்து மற்றும் புதுப்பிக்காமை எண்டார்ஸ்மெண்ட்டை (அடிப்படைப் படிவத்தின் விதிகளை மாற்றும் இணைப்புப் படிவம்) சேர்த்து அனுப்பினேன். "மாநிலப் படிவங்கள் முழுமையாக இல்லை" என்ற ஒற்றை வரியோடு திரும்பி வந்துவிட்டது. கிடங்குக்காக டெக்சாஸ் படிவமும் வேண்டுமா?

இன்னொரு சந்தேகம். வழக்குத் தொடரும் கால வரம்பு சட்டத்துக்கு முரணாக இருந்தால், சட்டம் சொல்லும் குறைந்தபட்சக் காலமாக அது திருத்தப்பட்டதாகக் கொள்ளப்படும் என்று சிஆர் 00 23 தானே சொல்கிறது. அப்படியிருக்க மாநில எண்டார்ஸ்மெண்ட் எதற்கு?

கோப்புக்காரன்

பேசாமல் மூன்று மாநிலப் படிவங்களையும் சேர்த்துவிடுங்கள். கூடுதலாக இருந்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை.

ஓய்வுபெற்ற அண்டர்ரைட்டர்

குறை சொல்வார்கள், கோப்புக்காரரே. ஒரே பாலிசியில் மூன்று ரத்து விதிகள் இருந்தால் எது செல்லும்? பிரீமியம் கட்டாததற்கு 10 நாள், மற்ற காரணங்களுக்கு 45 நாள் முன்னறிவிப்பு என்பது புளோரிடா கணக்கு. நியூயார்க்கில் முதல் 60 நாள் கடந்த பிறகு சட்டம் பட்டியலிட்ட காரணங்களுக்காக மட்டுமே ரத்து செய்யலாம்; முன்னறிவிப்பு 15 நாள். டெக்சாஸுக்கு வேறு கணக்கு. மூன்றையும் ஒட்டினால், தகராறு வரும் அன்று வாடிக்கையாளரின் வழக்கறிஞர் தமக்கு வசதியானதைத்தான் எடுத்துக்கொள்வார், நீதிமன்றமும் அவர் பக்கமே சாயும்.

நம் நாட்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ ஒன்று சொன்னால் கன்னியாகுமரிக்கும் காஷ்மீருக்கும் அதுதான் விதி. அங்கே 1945ஆம் ஆண்டின் மெக்காரன்–பெர்குசன் சட்டம் காப்பீட்டு ஒழுங்குமுறையை மாநிலங்களிடம் விட்டுவிட்டது. குற்றக் காப்பீடு கட்டடத்தை ஒட்டிப் போவதில்லை. எனவே பெயரிடப்பட்ட முதல் காப்பீடுதாரரின் அஞ்சல் முகவரி எந்த மாநிலமோ அந்த மாநிலப் படிவங்களைச் சேர்ப்பதே பொதுவான நடைமுறை. உங்களுக்கு அது புளோரிடா. டெக்சாஸை நீக்கியது சரிதான். ஆனால் முகப்புப் பக்கத்தில் முகவரி மாறியிருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். மென்பொருள் படிவத்தை இழுத்தது போலவே முகவரியையும் இழுத்திருக்கும்.

நீங்கள் சேர்த்த எண்டார்ஸ்மெண்ட்டின் தலையில் "இது கீழ்க்கண்டவற்றின்கீழ் உள்ள காப்பீட்டை மாற்றுகிறது" என்று ஒரு பட்டியல் இருக்கும். அதில் என்ன இருக்கிறது?

பெருங்குடி_பாலிசி மேசை

முகவரி டாம்பாதான் சார். பட்டியலில் "குற்ற மற்றும் நம்பகக் காப்பீட்டுப் பகுதி" என்று இருக்கிறது.

ஓய்வுபெற்ற அண்டர்ரைட்டர்

சிக்கல் அங்கேதான். சிஆர் 00 21 என்பது பல காப்பீடுகள் சேர்ந்த தொகுப்பில் ஒரு பகுதியாகப் போகும் படிவம். அதற்குச் சொந்தமாக ரத்து விதி கிடையாது. ஐஎல் 00 17 என்ற பொது நிபந்தனைப் படிவத்தை நம்பியிருக்கிறது. உங்கள் சிஆர் 00 23 தனி பாலிசி. ரத்து விதி அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. "பகுதி"யை மாற்றும் எண்டார்ஸ்மெண்ட் "பாலிசி"யைத் தொடாது. ஆகவே புளோரிடாவின் 45 நாள் விதி உங்கள் பாலிசிக்குள் வரவே இல்லை. படிவ நூலகத்தில் சிஆர் என்று தொடங்கும் புளோரிடா மாற்றப் படிவங்களைத் தேடி, தலைப்பில் வணிகக் குற்றப் பாலிசி என்று இருப்பவற்றை எடுங்கள்.

க்ளெய்ம் மேசை_கோவை

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். சட்டத்துக்கு முரணான வரம்பு தானாகத் திருத்தப்படும் என்ற அந்தத் தற்காப்பு வரி நல்ல வரிதான். ஆனால் அது நீதிமன்றத்தில் பாலிசியைக் காப்பாற்றுவதற்கு. ஒழுங்குமுறை அலுவலகம் பார்ப்பது, தாக்கல் செய்து ஏற்கப்பட்ட படிவங்களின் பட்டியலும் பாலிசியும் பொருந்துகின்றனவா என்பதை. மாநில எண்டார்ஸ்மெண்ட்டோடு சேர்த்துத்தான் அடிப்படைப் படிவம் அங்கே ஏற்கப்பட்டிருக்கும்.

நடைமுறைக் காரணமும் உண்டு. அடிப்படைப் படிவத்தில் வரம்பு, நஷ்டத்தைக் கண்டுபிடித்த நாளிலிருந்து 2 ஆண்டு. டெக்சாஸ் சட்டம் 2 ஆண்டுக்குக் குறைவான ஒப்பந்த வரம்பு செல்லாது என்கிறது. இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். எண்ணத் தொடங்கும் நாளைப் பாருங்கள். டெக்சாஸில் வழக்குரிமை பிறப்பது பொதுவாக நிறுவனம் கோரிக்கையை மறுக்கும்போதுதான். காசாளர் பணத்தைச் சுருட்டியது மார்ச்சில் தெரிந்தது என்று வையுங்கள். சத்தியப்பிரமாணத்தோடு நஷ்டச் சான்று கொடுக்க 120 நாள், பிறகு விசாரணை, மறுப்பு வருவது டிசம்பரில். மார்ச்சிலிருந்து எண்ணினால் வழக்குக்கு மிஞ்சுவது சுமார் 15 மாதம். அதனால்தான் டெக்சாஸ் எண்டார்ஸ்மெண்ட்டுகளில் "வழக்குரிமை பிறந்த நாளிலிருந்து 2 ஆண்டும் ஒரு நாளும்" என்ற விசித்திரமான கணக்கைப் பார்ப்பீர்கள். அந்த ஒரு நாளை எழுதியவர் பழுத்த வழக்கறிஞராகத்தான் இருக்க வேண்டும்.

புளோரிடா இன்னும் கண்டிப்பு. சட்டம் தந்த காலத்தைக் குறைக்கும் எந்த ஒப்பந்த விதியும் அங்கே செல்லாது. எழுத்து ஒப்பந்த வழக்குக்குச் சட்டம் தருவது 5 ஆண்டு. தற்காப்பு வரியை மட்டும் நம்பினால், பாலிசியில் 2 என்று படித்துவிட்டு வாடிக்கையாளர் வழக்கையே கைவிட்டுவிடுவார்.

பெருங்குடி_பாலிசி மேசை

இருவருக்கும் நன்றி. நூலகத்தில் புளோரிடாவுக்கான சிஆர் படிவங்கள் கிடைத்தன. சேர்த்து அனுப்பினேன், ஏற்றுக்கொண்டார்கள். இப்போது புதுத் தலைவலி: அங்குள்ள அண்டர்ரைட்டர் (காப்பீட்டை எந்த நிபந்தனையில் ஏற்பது என்று முடிவு செய்பவர்) இந்த வாடிக்கையாளருக்காகத் தாமே ஒரு எண்டார்ஸ்மெண்ட் எழுதி அனுப்பியிருக்கிறார். அதில் ரத்துக்கு 60 நாள் அவகாசம். "ஊழியர் குறித்த ரத்து" நிபந்தனையையும் 45 நாளாக மாற்ற வேண்டுமா என்று கேட்கிறார்.

ஓய்வுபெற்ற அண்டர்ரைட்டர்

அந்த நிபந்தனையைத் தொட வேண்டாம் என்று சொல்லுங்கள். அது பாலிசி ரத்து அல்ல. ஓர் ஊழியரின் நேர்மையற்ற செயல் முதலாளிக்குத் தெரிந்த கணமே அந்த ஊழியருக்கான காப்பீடு நின்றுவிடும் என்பதுதான் அது. திருடன் என்று தெரிந்தபின்னும் அவரிடம் பெட்டிச் சாவியைக் கொடுத்து, 45 நாள் காப்பீடும் கொடுப்பதா?

60 நாள் விஷயத்தில் தடை இல்லை; மாநில விதியைவிடத் தாராளம். ஒரே ஒரு காப்பீட்டுக்காகத் தனித்தன்மையோடு எழுதப்படும் படிவத்துக்குப் புளோரிடா சட்டத்தின் படிவத் தாக்கல் விதியில் விலக்கு உண்டு. அதன்கீழ் இது வருகிறது என்று அங்குள்ள தாக்கல் பிரிவிடம் எழுத்தில் வாங்கிக் கோப்பில் வையுங்கள். மென்பொருளின் பொது நூலகத்தில் மட்டும் ஏற்றிவிடாதீர்கள். அடுத்த வாடிக்கையாளருக்கும் அதே படிவம் போனால் விலக்கு போய்விடும்.