முதுகலைக்குப் பொருளியலா, மகளிரியலா?

கேள்வி: பொருளியல் மாணவி, மதுரை

அனைவருக்கும் வணக்கம். நான் இளங்கலைப் பொருளியல் இறுதியாண்டு படிக்கிறேன். நாட்டு வருமானக் கணக்கில் இல்லத்தரசியின் உழைப்பு சேராது என்பதை எங்கள் பாடநூல் ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டது. அது ஏன் சேராது என்ற கேள்விதான் என்னை மகளிரியல் பக்கம் இழுத்தது. முதுகலைக்கு அதையே எடுக்கலாம் என்றிருக்கிறேன். அப்பாவோ, பெண்ணுரிமை பேசப் பட்டம் எதற்கு, பொருளியலில் எம்.ஏ. முடித்தால் கல்லூரி வேலைக்காவது வழியுண்டு என்கிறார். அந்த இரண்டு ஆண்டுகளில் உண்மையில் எதைக் கற்பிக்கிறார்கள் என்பதையும், பொருளியலில் இருந்துகொண்டே அதைக் கற்க முடியுமா என்பதையும் படித்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: மகளிரியல் ஆய்வு மாணவி

உங்களை இழுத்த அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனெனில் இத்துறையின் வேலை பெரும்பாலும் அங்கேதான் நடக்கிறது. தேசிய மாதிரி ஆய்வின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்பவர் 92. வீட்டு வேலையோடு விறகும் கீரையும் மாட்டுத் தீவனமும் சேகரிப்பவர், வீட்டுத் தேவைக்குத் தைப்பவர், நெய்பவர் 93. இரு குறியீடுகளுமே, வேலை செய்பவரும் வேலை தேடுபவரும் அடங்கிய உழைப்பாளர் தொகுதிக்கு வெளியே நிற்கின்றன. விடியலில் எழுந்து சுள்ளி பொறுக்கி, ஆட்டுக்குத் தழை ஒடித்து வருகிற ஒரு பெண், கணக்கெடுப்பாளர் இந்த இரண்டில் ஒன்றை எழுதுகிறாரா, உழைப்பாளருக்கான வேறொரு குறியீட்டை எழுதுகிறாரா என்பதைப் பொறுத்து உழைப்பாளியாகவோ உழைக்காதவராகவோ ஆகிறார். பொருளியல் வகுப்பில் பெண்களின் உழைப்புப் பங்கேற்பு விகிதம் என்ற எண்ணை எடுத்துக்கொண்டு மேலே போவோம். மகளிரியலில் அந்த எண் எப்படி உருவானது என்று பின்னோக்கிப் போகப் பழக்குகிறார்கள்.

2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டு ஆய்வையும் பாருங்கள். ஊதியமில்லாத வீட்டு வேலையில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டதாக அது சொல்கிறது. ஆனால் அந்தச் சராசரி, அவ்வேலையில் அன்று ஈடுபட்டவர்களுக்கு மட்டும் எடுக்கப்பட்டது. ஈடுபட்டவர்களோ பெண்களில் 81.2 விழுக்காடு, ஆண்களில் 26.1 விழுக்காடு. எல்லோரையும் சேர்த்துக் கணக்கிட்டால் இடைவெளி இன்னும் விரியும்.

இந்தியாவில் இப்பாடம் வளர்ந்ததே இப்படிப்பட்ட எண்களால்தான். 1971இல் நடுவண் அரசு அமைத்த குழு, 1974இல் பெண்களின் நிலை குறித்த அறிக்கையை அளித்தபோது, ஆயிரம் ஆண்களுக்கு 1901இல் 972 ஆக இருந்த பெண்களின் எண்ணிக்கை 1971இல் 930 ஆகக் குறைந்திருப்பதை எடுத்துக்காட்டியது. அதே 1974இல் மும்பை எஸ்.என்.டி.டி. மகளிர் பல்கலைக்கழகத்தில் நீரா தேசாய் பெண்களுக்கான ஆய்வு அலகைத் தொடங்கினார். வரலாறு, சட்டம், சாதி, சொத்துரிமை, உடல்நலம், களப்பணி, ஆய்வேடு எனப் பாடங்கள் பரந்திருக்கும். முழக்கம் எழுதக் கற்றுத்தர மாட்டார்கள் என்று அப்பாவிடம் சொல்லலாம்.

பதில் 2: பொருளியல் பேராசிரியர், அரசு உதவி பெறும் கல்லூரி

சகோதரி எழுதியதில் எனக்கு மறுப்பில்லை, முடிவில்தான் வேறுபடுகிறேன். கல்லூரி ஆசிரியர் பணித் தகுதிக்கான, பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் மகளிரியல் தனிப்பாடமாக இருப்பது உண்மை. ஆனால் கலைக் கல்லூரிகளில் பொருளியல் துறை பரவலாக உண்டு, மகளிரியல் துறை அரிது. தகுதி பெற்றாலும் விண்ணப்பிக்க இடம் வேண்டுமல்லவா? முதுகலை படித்த பாடத்திலேயே நெட் எழுதுமாறு அறிவிக்கை சொல்வதால், பின்னர் பாடம் மாறுவதும் எளிதல்ல. உங்கள் தந்தையின் கவலையைப் பழமைவாதம் என்று தள்ளிவிடாதீர்கள், அம்மா.

இன்னொன்றையும் விசாரியுங்கள். கொடைக்கானலில் 1984இல் தொடங்கப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம், திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா ஆகியவற்றில் மகளிரியல் ஒரு துறையாகவே இருக்கிறது. பல இடங்களில் அது ஐந்தாண்டுத் திட்ட நிதியை நம்பிய மையமாகத்தான் உருவானது. 2017இல் பன்னிரண்டாவது திட்டம் முடிந்தபோது அந்த மையங்களின் நிதி தொடருமா என்ற அச்சம் நாடெங்கும் எழுந்தது. நிரந்தரப் பேராசிரியர்கள் எத்தனை பேர், ஆய்வேட்டுக்கு வழிகாட்டுவது யார் என்று கேட்காமல் சேராதீர்கள். விளம்பரக் கையேட்டில் இது இருக்காது.

பதில் 3: தொண்டு நிறுவன ஊழியர்

ஆசிரியப் பணி அல்லாத வழிகளைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேருக்குக் குறையாத ஒவ்வொரு பணியிடத்திலும் பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும், அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். இதைக் காட்டி மகளிரியல் படித்தவர்களுக்கு வேலை குவிந்திருப்பதாகச் சிலர் சொல்வது மிகை. வெளி உறுப்பினர் பொறுப்பு மாதச் சம்பள வேலை அன்று. எங்களைப் போன்ற நிறுவனங்களில் தரவைக் கையாளவும், கிராமத்துத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கவும் ஒருசேரத் தெரிந்தவர்களுக்குத்தான் தட்டுப்பாடு. நான் ஆண், மகளிரியல்தான் படித்தேன். அதைப் பற்றி யாராவது கேட்டால் தனியாக எழுதுகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. பேராசிரியர் ஐயா சொன்னபடி பொருளியலில் சேர்ந்து, ஆய்வேட்டை மட்டும் பெண்களின் ஊதியமில்லா உழைப்பைப் பற்றி எழுதினால், பிறகு மகளிரியலில் முனைவர் பட்டத்துக்குச் சேர இயலுமா?

பதில் 1: மகளிரியல் ஆய்வு மாணவி

பல துறைகள் தொடர்புடைய சமூக அறிவியல் முதுகலையை ஏற்கின்றன. ஆனால் விதி பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும் என்பதால், சேர விரும்பும் துறையின் அறிவிக்கையில் தகுதிப் பாடங்களின் பட்டியலை இப்போதே பார்த்துவிடுங்கள். பொருளியல் துறையில் அந்தத் தலைப்பை ஏற்று வழிகாட்டக்கூடிய ஆசிரியர் ஒருவராவது இருக்கிறாரா என்பதையும் சேர்வதற்கு முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள். அப்படி ஒருவர் கிடைத்தால், நானும் பேராசிரியர் பக்கமே.