வசனம் திரையில் இருந்து வராமல் பிடரியில் கேட்கிறது
வணக்கம். காரைக்குடி பக்கம் பள்ளத்தூர். பழைய வீடு. ஆத்தங்குடிக் கல்லும் உயர்ந்த கூரையுமாக, ஸ்பீக்கர் வைத்தால் ஒரே எதிரொலி. ஆச்சிக்கும் தூக்கம் கெடும். அதனால்தான் ஹெட்போன்.

ஓபன் பேக் வகை (வெளிப்பக்கம் மூடாதது), 300 ஓம், தனி ஆம்ப், விண்டோஸ் 11 லேப்டாப். 5.1 (ஆறு சானல் ஒலி) படங்களை விர்ச்சுவல் சரவுண்டில், அதாவது சுற்றிலும் ஸ்பீக்கர் இருப்பது போல ஹெட்போனில் கேட்கவைக்கும் மென்பொருளில், பார்க்கிறேன். பக்கவாட்டுச் சத்தம் அருமை. ஆனால் நடு சானல் வசனம் மண்டைக்குள்ளேயே, சில நேரம் பிடரிக்குப் பின்னால் கேட்கிறது. வாங்கி மூன்று வாரம், முதல் நாளிலிருந்தே இப்படித்தான். ஸ்டீரியோ பாட்டில் ஒரு குறையும் இல்லை.

பிளேயர் ஸ்டீரியோவாகச் சுருக்குகிறதா என்று பார்த்தேன்; ஆறு சானலும் போகிறது. இரண்டு இடத்தில் விர்ச்சுவல் ஓடாதபடி ஒன்றை நிறுத்தினேன். பிறர் காதில் அளந்த சோஃபா கோப்புகள் (SOFA: ஒவ்வொரு திசைச் சத்தமும் காதில் எப்படி விழுகிறது என்ற அளவுகள்; உட்காருகிற சோஃபா இல்லை!) நான்கு போட்டேன். ஒன்றில் மட்டும் குரல் கொஞ்சம் முன்னால் வந்தது, ஆனால் தகர டப்பாவுக்குள் பேசுகிற மாதிரி. தம்பிக்கு மட்டும் அதே செட்டிங்கில் எல்லாம் சரியாகக் கேட்கிறதாம், அதுதான் எரிச்சல். ஆக, கோளாறு என் காது மடலின் வடிவத்தில்தான் போல.

காதுக்குள் வைக்கும் சின்ன மைக்கால் தன் காதையே வீட்டில் அளந்து கோப்பு தயாரித்தவர்கள் இருந்தால், எந்த முறை உங்களுக்குச் சரிவந்தது?