வீடியோ கேமிலிருந்து எடுத்த படத்துக்குத் தமிழில் என்ன சொல்?

ஊடகவியல் ஆசிரியை, திருச்சி:

அனைவருக்கும் வணக்கம். திரைக்கதைப் பாடத்துக்கான கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாவலிலிருந்து வந்தால் 'நாவல் தழுவல் படம்' என்று எழுதிவிட்டேன். வீடியோ கேமிலிருந்து வந்த படங்களில் வந்து நிற்கிறேன். 1993இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' தொடங்கி, அதே மாரியோவை வைத்து 2023இல் வந்து 100 கோடி டாலருக்கு மேல் வசூலித்த அனிமேஷன் படம் வரை ஒரு முழு அத்தியாயம். 'விளையாட்டுத் தழுவல் படம்' என்று கரும்பலகையில் எழுதினால் மாணவர்கள் கபடிப் படம், கிரிக்கெட் படம் என்று பட்டியல் போடுகிறார்கள். இன்னொரு சிக்கல்: 1982இல் வந்த 'ட்ரான்' கேமைப் பற்றிய படம், ஆனால் எந்தக் கேமிலிருந்தும் எடுத்ததல்ல. இந்த வேறுபாடு சொல்லிலேயே தெரிய வேண்டும். உதவுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

தமிழ் விக்கிப்பீடியாவில் 'நிகழ்பட ஆட்டம்' புழங்குகிறது. 'நிகழ்பட ஆட்டத் தழுவல் திரைப்படம்' என்றால் பொருள் சரி. ஆனால் படம் இரண்டு முறை வருகிறது, வகுப்பில் ஒருவரும் முழுதாகச் சொல்ல மாட்டார்கள்.

மென்பொருளாளர், கோவை:

சுருக்கமாக 'ஆட்டப்படம்' போதாதா?

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

தியேட்டரில் முதல் ஆட்டம், இரண்டாம் ஆட்டம் என்கிறோமே, அதோடு மோதும். நடனப் படம் என்றும் கொள்ளலாம்.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

அம்மா, சொல் நம்மிடம் எப்போதோ இருக்கிறது. நன்னூல் பாயிரம் நூலை முதல், வழி, சார்பு என மூன்றாகப் பிரிக்கிறது. முன்னோர் நூலின் முடிபு ஒருங்கு ஒத்து, பின்னோன் வேண்டும் விகற்பம் கூறுவது வழிநூல்; அதாவது மூலத்தின் கருத்தோடு முழுதும் ஒத்து, வேண்டிய மாற்றங்களைச் சொல்வது. தழுவலுக்கு இதைவிடக் கூர்மையான இலக்கணம் உண்டா? தொல்காப்பிய மரபியலோ வழிநூலையே தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்த்தல் என்று வகுத்துவிட்டது. ஆகவே கேம் முதல், படம் வழி: 'ஆட்டவழிப் படம்'. 'ட்ரான்' ஆட்டப் பொருண்மைப் படம், வழிப்படம் அல்ல. உங்கள் இரண்டாம் சிக்கலும் தீர்ந்தது.

மென்பொருளாளர், கோவை:

ஐயா, அழகாக இருக்கிறது. ஆனால் 'முடிபு ஒருங்கு ஒத்து' என்ற இடத்தில் இடிக்கிறது. 2002இல் வந்த 'ரெசிடென்ட் ஈவில்' படத்தின் நாயகி ஆலிஸ் மூலக் கேமில் கிடையவே கிடையாது. 1993 மாரியோவிலும் பெயர்களைத் தவிர கேமோடு ஒட்டுவது குறைவு. இவற்றை வழிநூல் என்று எப்படிச் சொல்வது?

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

நல்ல கேள்வி, தம்பி. அதற்குத்தான் மூன்றாவது வகை. மூலத்தோடு ஒரு பகுதி மட்டும் ஒத்து, மற்றவற்றில் வேறுபடுவது சார்புநூல். அப்போது ரெசிடென்ட் ஈவில் 'ஆட்டச்சார்புப் படம்'. கேமின் கதையை நெருங்கிப் பின்பற்றிய 2023ஆம் ஆண்டு 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' போன்றது 'ஆட்டவழித் தொடர்'. மாணவர்கள் ஒரு படத்தை எடுத்துக்கொண்டு இது வழியா, சார்பா என்று விவாதிக்கலாம். பாடமே அங்கேதான் தொடங்குகிறது.

'விளையாட்டு' என்ற சொல்லே வேண்டாம் என்றால் தொல்காப்பிய உரியியலைப் பாருங்கள்: 'கெடவரல் பண்ணை ஆயிரண்டும் விளையாட்டு.' 'பண்ணைவழிப் படம்' என்றும் சொல்லலாம்.

ஊடகவியல் ஆசிரியை, திருச்சி:

ஐயா, பண்ணை என்றால் என் மாணவர்கள் கோழிப்பண்ணைக்குத்தான் போவார்கள். அதை விட்டுவிடுவோம். 'வழி'யிலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. 'தமிழ்வழிக் கல்வி' என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஆட்டவழிப் படம் என்றால் கேம் ஆடியே கற்பிக்கும் படம் என்று தோன்றும்.

ஆய்வு மாணவி, தஞ்சாவூர்:

'தழுவல்' சொல்லையும் கைவிட வேண்டாமே. தழூஉ என்பது கைகோத்து ஆடும் கூத்து. கலித்தொகையின் முல்லைக்கலியில் ஏறு தழுவிய பிறகு அப்படிக் கைகோத்துக் குரவை ஆடுகிறார்கள். ஆட்டமும் தழுவலும் நம் இலக்கியத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பவை. தழுவுவது என்றால் அப்படியே நகலெடுப்பது அல்ல, திமிறுகிற ஒன்றைப் பிடித்துக்கொள்வது. ஆடுபவர் கையில் இருக்கும் கதையை, உட்கார்ந்து பார்ப்பவருக்கான கதையாக மாற்றுகிற வேலைக்கு இந்தச் சொல்தான் பொருந்தும்.

மொழிபெயர்ப்பாளர், சென்னை:

கருத்து அருமை, ஆனால் 'ஆட்டத் தழுவல்' என்று தனியாக எழுதினால் பலருக்கு ஜல்லிக்கட்டு நினைவு வரும். வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. 'வீடியோ கேம் தழுவல் படம்' என்று போடுங்கள். வீடியோவும் கேமும் எல்லோர் வாயிலும் இருக்கிற சொற்கள். தழுவலும் படமும் தமிழ். சொன்னவுடன் புரியும்.

மென்பொருளாளர், கோவை:

நானும் அப்படியே. ஆட்டப்படத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆய்வு மாணவி, தஞ்சாவூர்:

தழுவல் இருந்தால் எனக்கும் சரி.

ஊடகவியல் ஆசிரியை, திருச்சி:

எல்லோருக்கும் நன்றி. கையேட்டில் 'வீடியோ கேம் தழுவல் படம்' போகிறது. வழி, சார்பு பகுப்பை வகுப்புப் பயிற்சியாகச் சேர்க்கிறேன். ரெசிடென்ட் ஈவில்தான் முதல் எடுத்துக்காட்டு.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

பயிற்சியில் சேர்த்ததற்கு மகிழ்ச்சி, அம்மா. பெயரை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. நான்கு சொல்லில் இரண்டு கடன். எதிர்த்திசையையும் யோசியுங்கள்: 1982இல் 'ஈ.டி.' படத்தை வைத்து அட்டாரி நிறுவனம் ஒரு கேம் வெளியிட்டது. அதைப் 'படத் தழுவல் வீடியோ கேம்' என்பீர்களா? 'படவழி ஆட்டம்' என்றால் இரண்டே சொல்லில் முடிந்தது.

மென்பொருளாளர், கோவை:

ஐயா, ட்ரானுக்கும் அதே ஆண்டில் கேம் வந்தது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், மதுரை:

பாருங்கள், அதுவும் படவழி ஆட்டம்தான். அடுத்த பதிப்பு எப்போது, அம்மா?